மூன்றாம் வகுப்புச் சீட்டில் பெயர் இல்லை



அரியலூர் ரயில் விபத்து என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். அது லால் பகதூர் சாஸ்திரியின் பெயர். 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவ்விபத்து நேர்ந்தபோது ரயில்வே மந்திரியாக இருந்த அப்பெருமகனார், அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அச்செயலைப் பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இன்றளவும் போற்றி வருகிறோம்; போற்றத் தக்க செயல்தான் அது. ஆயினும் ஒரு கேள்வி. அன்று ஆற்று வெள்ளத்தில் மாண்டவர்களுள் ஒருவரது பெயரையேனும் நம்மில் யாராவது சொல்ல இயலுமா?

நமக்கும் இயலவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நம் குடியிருப்பில் வாழும் மூதாட்டி ஒருவர் ஒரு சிறிய தகரப் பெட்டியுடன் நம் வீட்டிற்கு வரும் வரையில், அப்படி ஒரு கேள்வி உண்டென்பதே நமக்குத் தோன்றியதில்லை. அந்தப் பெட்டி நம்மை எங்கெங்கு அழைத்துச் சென்றது, எங்கே வழி அடைபட்டது, எங்கே திறந்தது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் விபத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1956 நவம்பர் 22ஆம் நாள் வியாழக்கிழமை இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. அது கார்த்திகை மாதம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அரியலூருக்கு அருகே, கொள்ளிடத்தை நோக்கி ஓடும் மருதையாற்றில் வெள்ளம் புரண்டு வந்து, பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுது விடியுமுன், எஞ்சினும் அதனைத் தொடர்ந்த ஏழு பெட்டிகளும் ஆற்றுக்குள் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் மகபூப்நகர் அருகே ஒரு பாலம் உடைந்து 100க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்பொழுதே சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின்னர் ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரியார் காரணம் அல்லர் என்றும், அரசியல் அமைப்பின் நன்மரபு கருதியே இராஜிநாமாவை ஏற்பதாகவும் பாராளுமன்றத்தில் விளக்கினார்.

இவ்வளவும் சரித்திரம். இனிப் பெட்டிக்கு வருவோம்.

அம்மூதாட்டி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் சீமையில் பிறந்தவர். மணமாகி, கணவரின் உத்தியோகம் காரணமாகத் தில்லிக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தந்தையார் சென்னையில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருந்தவர். 1956ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அவரால் ஊருக்கு வர இயலவில்லை. பண்டிகை நாளில் ஹோட்டல்காரர் அடுப்படி ஆளுக்கு விடுப்புத் தருவாரா? தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்ததும் வருவதாகச் சொல்லியனுப்பினார். வரவில்லை. அதன்பின் மணியார்டரும் வரவில்லை. ரயில் கவிழ்ந்த செய்தி சில நாட்கள் கழித்து ஊரை எட்டிற்று. அவர் அந்த வண்டியில்தான் வந்தார் என்று சிலர் கூறினர். வேறு சிலரோ, பட்டணத்தில் அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது, விபத்தைச் சாக்கிட்டு ஒதுங்கிவிட்டார் என்றனர். உடல் கிடைக்கவில்லை. கடிதமும் இல்லை. தாயார் கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. “எங்கம்மா அமங்கலியா, சுமங்கலியா என்று ஊருக்கே தெரியாது, தம்பி. அப்பாவுக்குத் திதி கொடுப்பதா, வேண்டாமா என்பது எனக்கும் தெரியாது” என்றார் அம்மையார். விபத்து நடந்தபோது அவருக்கு ஏழு வயது.

காணாமற் போனவரைப் பற்றி ஏழாண்டுகள் யாதொரு தகவலும் இல்லையெனில் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. சட்டத்துக்கு ஏழாண்டுகள் போதும். அந்த மகளுக்கோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் போதவில்லை.

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நமக்கு, ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவதே அன்றாடத் தொழில். ‘இறந்தோர் எண்ணிக்கை’, ‘அடையாளம் காணப்படாதோர்’ என்னும் தொடர்களை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். பொருள் பிழையாமல் எழுதியிருக்கிறோம் என்றே எண்ணியிருந்தோம். அப்பொருளின் பளு எவ்வளவு என்பது அந்த அம்மையார் நம் முற்றத்தில் அமர்ந்து பேசியபோதுதான் விளங்கியது. “நீங்கள் சர்க்கார் ஆள், தேடினால் கிடைக்காதா?” என்று கேட்டார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டோம். அவசரப்பட்டுத்தான் சொல்லிவிட்டோம்.

முதலில் பயணிகளின் பட்டியலைத் தேடினோம். அங்கேயே முதல் சுவர் குறுக்கிட்டது. அக்காலத்து ரயில் சீட்டு உங்களுள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டேகால் அங்குல நீளமும், ஏறத்தாழ ஒன்றேகால் அங்குல அகலமும் உள்ள கெட்டி அட்டை. அதில் புறப்படும் ஊர் இருக்கும், சேரும் ஊர் இருக்கும், வகுப்பு இருக்கும், கட்டணம் இருக்கும், ஒரு வரிசை எண்ணும் இருக்கும். பயணியின் பெயர் மட்டும் இருக்காது. முன்பதிவு செய்து செல்பவர்களின் பெயர் ஒரு தாளில் ஏறும்; மூன்றாம் வகுப்பில் கிடைத்த இடத்தில் மூட்டையோடு ஏறிக்கொண்ட மக்களின் பெயரை யார் எழுதினார்கள்? அந்த மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது; கணிப்பொறி வழி முன்பதிவு 1985இல் தில்லியில் தொடங்கியது. நம்மவரோ இவற்றிற்கெல்லாம் முந்தியவர். ரயில்வேயைப் பொறுத்தவரை அவர் ஓர் எண். அந்த எண்ணையும் ஆறு கொண்டுபோய்விட்டது.

அடுத்து, பெரிய ஆவணங்களை நாடினோம். ரயில் விபத்துகளை விசாரிப்பவர்கள் ரயில்வே நிர்வாகத்துக்கு உட்படாதவர்களாக இருக்க வேண்டும் என்பதற்காக, 1941ஆம் ஆண்டிலேயே அந்த ஆய்வாளர்களை ரயில்வே போர்டிலிருந்து பிரித்து வேறொரு இலாகாவின் கீழ் வைத்துவிட்டார்கள். 1961 முதல் அவர்களுக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று பெயர். இத்தகைய விசாரணைகள் கேட்கும் கேள்விகள் யாவை? மழை எவ்வளவு பெய்தது? வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது? பாலத்தின் நீர்வழி போதுமானதா? இரவுக் காவல் ஏற்பாடு என்ன? வண்டி என்ன வேகத்தில் வந்தது? எல்லாம் இன்றியமையாத கேள்விகளே. அவற்றிற்கு விடை கண்டதால்தான் பின்னால் எத்தனையோ பாலங்கள் வலுப்பெற்றன, எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் நம் கேள்விக்கு அங்கே இடமில்லை. பாலம் எவ்வாறு இறந்தது என்பதை அறிய எழுந்த விசாரணையில், தோசை மாஸ்டர் எவ்வாறு வாழ்ந்தார் என்பது எங்ஙனம் இருக்கும்? பாராளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் அவ்வாறே. அவற்றில் மந்திரியின் மாண்பு இருந்தது. உறுப்பினர்களின் ஆவேசம் இருந்தது. ஆறாவது பெட்டியில் அமர்ந்திருந்தவர் இல்லை.

பழைய செய்தித்தாள்களைப் பார்த்தோம். சென்னைக்குச் செல்ல நேர்ந்தபோதெல்லாம் நூலகங்களில் அமர்ந்து அந்த வாரத்து இதழ்களைப் புரட்டினோம். மாண்டவர்கள் பெயர் என்று அச்சானவற்றுள் நம்மவர் பெயரைக் காணோம். பெயர் காணாததால் அவர் அவ்வண்டியில் வரவில்லை என்றாகிவிடுமா? அதுவும் ஆகாது.

பின்னர் ஊர்க் கணக்குகளை நாடினோம். இங்கு நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய தேடலில் இறங்குவோருக்கு அது பயன்படும். அம்மையாரின் சொந்தக் கிராமத்து மரணப் பதிவைத் தேடுவதில் பல மாதங்களைக் கழித்தோம். மரணம் என்பது, இறந்தவர் எங்கே வசித்தார் என்பதைக் கொண்டன்று, எங்கே இறந்தார் என்பதைக் கொண்டே பதிவாகும். பழைய கிராம முன்சீபுகள் எழுதிய கணக்கிலும் அதுவே முறை. 1969ஆம் ஆண்டு ஜனன மரணப் பதிவுச் சட்டத்திலும் அதுவே முறை. ஆகவே கோவில்பட்டிப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. மருதையாற்றங்கரையில் தேடியிருக்க வேண்டும். அங்கே தேடுவதும் எளிதன்று. விபத்து நடந்தபோது அரியலூர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. 2001இல் தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஜில்லா மாறும்போதெல்லாம் கோப்புகளும் வண்டி ஏறின அல்லவா? பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளும் 1980இல் ஒழிந்தன. எந்தக் கட்டு எந்த அறையில் தங்கியது என்று அறிந்தவர் அரியர்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பங்கள் அனுப்பினோம். ஓர் அலுவலகம், அக்காலத்து ஆவணங்கள் தம்மிடம் இல்லை என்று விடையளித்தது. மற்றோர் அலுவலகம் முந்தியதன் முகவரியையே நமக்குத் திருப்பிக் கொடுத்தது. எந்த அலுவலகங்கள் என்பது இங்கு வேண்டா. அந்த விடைகளைப் போன்ற விடைகளை நாமே மொழிபெயர்த்து அனுப்பியது உண்டு.

எஞ்சியது இழப்பீட்டுக் கோப்பு. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 1943இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்தில் மாண்ட பயணியின் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரையில் இழப்பீடு உண்டென்று அது கூறிற்று. யாரேனும் உரிமை கோரியிருந்தால், அதற்கொரு மனு இருக்கும். இறந்தவரின் வயது, தொழில், வருமானம், அவரை நம்பி வாழ்ந்தவர்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு சாமானியனின் வாழ்க்கை வரலாறு சர்க்கார் ஏட்டில் ஏறக்கூடிய ஒரே இடம் அதுதான் என்று நாம் கருதினோம். ஆனால் அந்தத் தாயார் மனுச் செய்யவில்லை. செய்யலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், கணவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட அவர் மனம் ஒப்பியிருக்காது. உரிமை கோராதவருக்குக் கோப்பும் இல்லை. ஏழையின் வாழ்வு மட்டுமன்று, சாவும் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தால்தான் ஏட்டில் ஏறுகிறது.

தோற்றுப்போய் அம்மையாரிடம் சென்றோம். நடந்ததைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “சாவைத்தானே தேடினீர்கள், தம்பி? அது கிடைக்காவிட்டால் போகட்டும். அவர் எப்படி இருந்தார், எங்களை நினைத்தாரா என்று யாராவது சொன்னால் போதும்” என்றார்.

நேயர்களே, அதுவரை நாம் தவறான கேள்வியோடு அலைந்திருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது. பெட்டியை மீண்டும் திறக்கச் சொன்னோம். முதல் நாள் அதைப் பார்த்தபோது ஆதாரம் என்று சொல்லத் தக்கது எதுவும் இல்லையென மூடிவிட்டோம். அதிலிருந்தவை, ஒரு தேய்ந்த பித்தளைக் கரண்டி, ஒரு துண்டு, நூலால் கட்டப்பட்ட மணியார்டர் கூப்பன்கள். அவ்வளவே.

மணியார்டரோடு வரும் அந்தச் சிறு தாளை அறியாத வெளியூர்த் தமிழர் இருக்க முடியாது. 1880ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்கிய அந்தப் பழைய முறை 2015இல் முடிவுக்கு வந்தது. பணத்தைப் பெற்றுக்கொண்டபின், அனுப்பியவரின் பெயரும் அவர் எழுதிய நாலு வார்த்தையும் உள்ள கூப்பன் வீட்டில் தங்கிவிடும். அஞ்சல் நிலையங்கள் அந்தக் கணக்குகளை நெடுங்காலம் வைத்திருப்பதில்லை. தாயாரோ நான்கு ஆண்டுக் கூப்பன்களையும் ஒன்று விடாமல் வைத்திருந்தார்.

அவற்றை நாள் வாரியாக அடுக்கினோம். பணம் மாதந்தோறும் வந்திருக்கிறது. ஒரு மாதமும் தவறவில்லை. பெரும்பாலும் 15 ரூபாய். தை மாதத்திலும் ஐப்பசியிலும் 20. பட்டணத்தில் வேறு குடும்பம் வைத்திருப்பவர், மாதம் தவறாமல் இப்படி அனுப்புவாரா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். அது ஆதாரமாகாது எனினும், ஓர் அறிகுறி அல்லவா? பின்னர்க் கையெழுத்துகளைக் கவனித்தோம். பழைய கூப்பன்களில் பலருடைய கையெழுத்துகள் இருந்தன. எழுதத் தெரியாதவர் அஞ்சல் நிலைய வாயிலில் யாரிடமேனும் எழுதி வாங்குவது வழக்கம். ஆனால் 1956ஆம் ஆண்டின் நடுவிலிருந்து கடைசி ஐந்து கூப்பன்களிலும் ஒரே கையெழுத்து. பெரிய பெரிய எழுத்துகள், கோடு நடுங்குகிறது, புள்ளிகள் விட்டுப்போயிருக்கின்றன. குழந்தை எழுதியதைப் போன்ற அந்த எழுத்தில், மகளின் பெயரைச் சொல்லி, அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்ற ஒரு வரி ஐந்திலும் இருந்தது.

யார் எழுதியது அது? விடை சென்னையில் இருந்தது.

கூப்பனில் அந்த ஹோட்டலின் பெயரும் திருவல்லிக்கேணித் தெரு ஒன்றின் பெயரும் இருந்தன. அவ்விடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. எதிர்ச் சாரியில் மூன்று தலைமுறையாக வெற்றிலை பாக்குக் கடை வைத்திருப்பவர், அந்த ஹோட்டலில் சிறு வயதில் மேஜை துடைத்த ஒருவர் மாம்பலத்தில் மகனோடு இருப்பதாகச் சொன்னார். சென்று பார்த்தோம். எண்பது வயதைத் தொட்ட பெரியவர். 1956இல் அவருக்குப் பதின்மூன்று வயது.

இங்கும் ஒரு பிழை செய்தோம். ஆவல் மிகுதியால், “தோசை மாஸ்டர் அரியலூரில் கவிழ்ந்த வண்டியில்தானே போனார்?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டோம். பெரியவரும் ஆமாம் என்று தலையசைத்தார். அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. நாம் சொன்னதையே அவர் நமக்குத் திருப்பித் தந்தாரா, தாம் அறிந்ததைச் சொன்னாரா என்று எவ்வாறு அறிவது? ஆறு மாதம் கழித்து மறுமுறை சென்றபோது கூப்பன்களைக் காட்டவில்லை. விபத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. “அந்த ஹோட்டலில் உங்களுடன் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா” என்று மட்டும் கேட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலாளி, சரக்கு மாஸ்டர், கல்லாவில் அமர்ந்தவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். தோசை மாஸ்டரிடம் வந்ததும் சிரித்தார். “அவருக்கு நான் வாத்தியார்” என்றார். அஞ்சாம் வகுப்பு வரை படித்த பையன் அவர். கடை சாத்தியபின், கழுவிவிட்ட தரையில் அடுப்புக்கரியால் எழுத்துகளை எழுதிக் காட்டுவாராம். முப்பத்தைந்து வயது மனிதர் குந்தி அமர்ந்து அவற்றின்மேல் எழுதிப் பழகுவாராம். எதற்கு இந்த வயதில் என்று கேட்டதற்கு, “என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள், நாளைக்கு அவள் எழுதிக் காட்டினால் எனக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா?” என்றாராம். குருதட்சிணையாகத் தினமும் ஒரு நெய் தோசை கிடைக்கும் என்று சொல்லிப் பெரியவர் மறுபடியும் சிரித்தார்.

அதன் பிறகுதான் கூப்பன்களை அவர் முன் வைத்தோம். பார்த்தார். நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. “புள்ளி வைக்க மறக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்” என்றார்.

கேட்காமலே மற்றதும் வந்தது. ஒரு மழை இரவில் அவருடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷன் வரை உடன் சென்றார், அப்பையன். பெட்டியோடு ஒரு புதுச் சிலேட்டும் இருந்தது. நனையக்கூடாதென்று மாஸ்டர் அதை மட்டும் தம் துண்டில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தார். பிளாட்பாரச் சீட்டுக்குக் காசு வீண் என்று வாயிலிலேயே பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் ரயில் கவிழ்ந்த செய்தி வந்ததும் முதலாளி ஓர் ஆளை அரியலூருக்கு அனுப்பினார். அந்த ஆள் இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்து, அங்கே பார்த்ததை எவரிடமும் சொல்லாமல் சமையற்கட்டில் படுத்துவிட்டான். முதலாளி ஊருக்குக் கடிதம் போட்டார் என்றே பெரியவர் நம்பியிருந்தார். அப்படியொரு கடிதம் ஊருக்கு வந்து சேரவில்லை.

இதனால் மெய்ப்பிக்கப்பட்டது என்ன? ஆராய்ந்து பார்த்தால், அவர் ஸ்டேஷன் வாயிலுக்குள் நுழைந்தார் என்பது வரையில்தான் நம் சாட்சி செல்கிறது. வண்டியில் ஏறியதைக் கண்டவர் இல்லை. அறுபது ஆண்டு நினைவு என்பது நாளுக்கு நாள் மெருகேறும் பொருள் என்பதையும் மறக்கலாகாது. எனினும், கையெழுத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லாதபோது அவர் சொன்னதும், நம் கையிலிருந்த தாளும் ஒத்துப்போயின. அந்த இரவு எந்த இரவு என்பதை மறுநாள் வந்த செய்தி நிலைநிறுத்துகிறது. நீதிமன்றம் என்ன சொல்லுமோ அறியோம். நாம் அறிந்ததை அறிந்த அளவில் எழுதி, அறியாததை அறியாதது என்றே குறித்து, ஆறு பக்கங்களில் அம்மையாரிடம் கொடுத்தோம்.

அவர் நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். தந்தையார் போனபின் தாயார் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பருத்தி எடுக்க அனுப்பிவிட்டார். தில்லிக்கு வந்து, தம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலிருந்துதான் அவர் படிக்கக் கற்றுக்கொண்டார். சிலேட்டு வரும் இடத்தில் நிறுத்தினார். அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தார். “ஒளிந்து வாழப் போகிறவன் சிலேட்டு வாங்குவானா?” என்று மட்டும் கேட்டார். அவ்வாண்டு கார்த்திகைத் தேய்பிறையில் தந்தைக்கு முதன்முறையாகத் திதி நடந்தது. மகன் கையால் நடந்தது. பிதிருவின் பெயரைப் புரோகிதர் கேட்டபோது அம்மையார் உரக்கச் சொன்னார். அப்பெயரை நாம் இங்கே சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்து.

நேயர்களே, இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் வண்டியைப் புயல் கடல் விழுங்கியபோது மாண்டவர் தொகையைப் பற்றி இன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட கணக்குகள் உலவுகின்றன. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகளோடு, பெங்களூரிலிருந்து ஹவுரா சென்ற வண்டியும் மோதிற்று. 296 பேர் மாண்டனர். முன்பதிவு இல்லாப் பெட்டிகளில் பிழைப்புக்காகப் பயணம் செய்த தொழிலாளர்கள் அவர்களுள் பலர். மரபணுச் சோதனை உள்ள காலம் இது. எனினும், எவரும் உரிமை கோராத 28 உடல்கள் அவ்வாண்டு அக்டோபரில் புவனேசுவரத்தில் எரியூட்டப்பட்டன. நம் நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். அவர்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும் அல்லவா? இன்று விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்குச் சட்டப்படி இழப்பீடு 8 லட்சம் ரூபாய். ஆனால் அதைப் பெறவும், இன்னார் என் உறவு என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும், ஊரை விட்டு முதலில் ரயிலேறிய ஒருவர் இருப்பார். அவர் விபத்தில் மாண்டிருக்க வேண்டும் என்பதில்லை. மறதியிலும் மனிதர் மாளலாம். அவர் எங்கே தங்கினார், யாருடன் வேலை செய்தார், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், எந்தச் சொல்லை எப்படித் தவறாக எழுதினார் என்பனவற்றை அறிந்த யாரோ ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாமல் கேளுங்கள். பெட்டியிலுள்ள கடிதங்களையும் கூப்பன்களையும் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். நாள் வாரியாக அடுக்கிவைத்து, பின்புறத்தில் பென்சிலால், யார், எங்கே, எப்பொழுது என்று எழுதிவையுங்கள்.

அரியலூர் வழியே இன்றும் தூத்துக்குடி வண்டி போகிறது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று இப்பொழுது அதற்குப் பெயர். சென்ற ஆண்டு ஊருக்குச் சென்ற அம்மையார், மருதையாறு வரும் நேரத்தைக் கேட்டறிந்து, இருட்டில் விழித்து அமர்ந்திருந்தாராம். பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம். பேத்தியின் பழைய சிலேட்டு ஒன்று கைப்பையில் இருந்ததாகவும், அதை ஆற்றில் போடத்தான் எடுத்துச் சென்றதாகவும், கடைசி நேரத்தில் மனம் வராமல் ஊருக்கே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.